மிட்வைப் அம்மாவின் கதையை எதில் பதிவது: கலியாணக் கமராவா, கைபேசியா, வெறும் குரலா?

1968 இல் இருபது வயதில் குடும்பநல மருத்துவிச்சியாக (ஊர்வாயில் மிட்வைப்) வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இப்போது எண்பதை எட்டிப் பிடிக்கிறார். அவரைப் போன்றவர்களின் நினைவைப் பதியும் இந்த வேலையின் அவசரம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. குடும்பத் திட்டமிடல் இலங்கை அரசின் தாய் சேய் நலச் சேவைக்குள் வந்தது 1965 இல். குடும்பச் சுகாதாரப் பணியகம் உருவானது 1968 இல். வன்னியில் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு என்று குளத்தை நம்பிக் குடியேறிய ஊர்களில் கருத்தடைக் குளிசை என்றால் என்ன, லூப் எனும் கருப்பைக்குள் வைக்கும் வளையம் என்றால் என்ன என்று வீட்டுப் படலையில் நின்று சொல்லத் தொடங்கிய தலைமுறை அது.

இந்தத் துறையில் பெயர் பெற்ற முன்னோடிகளுக்கு ஏடு இருக்கிறது. 1952 இல் பம்பாயில் சர்வதேசக் குடும்பத் திட்டமிடல் சம்மேளனம் உருவானபோது தலைமையேற்ற மார்கரெட் சாங்கர், தன்வந்தி ராமராவ் ஆகியோரின் பேச்சும் எழுத்தும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பின்னாளில் அதே சம்மேளனத்துக்குத் தலைவியான ஆவாபாய் வாடியா 1913 இல் கொழும்பில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953 இல் தொடங்கியபோது முன்னின்ற சில்வியா பெர்னாண்டோவும் டொக்டர் சிவா சின்னத்தம்பியும், கனடாவில் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்து 1958 இல் மக்சேசே விருது பெற்ற டொக்டர் மேரி ரத்னமும் வரலாற்று நூல்களில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி ஆவணக்காப்பகம் இத்துறை மூத்தவர்களிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்து, எழுத்து வடிவத்தோடு வைத்திருக்கிறது. அங்கே பேசுவோரில் பெரும்பாலோர் நிறுவனம் நடத்தியவர்கள், ஆய்வு செய்தவர்கள், கொள்கை வகுத்தவர்கள். படலையில் நின்று கதைத்தவர்களின் குரலை அங்கே தேடிப் பயனில்லை.

வன்னியில் அந்தக் குரலுக்குத் துணைநிற்கக் கடதாசியும் இல்லை. 2009 மே வரை நீண்ட இடப்பெயர்வில் நியமனக் கடிதம், கிளினிக் கொப்பி, சீருடையோடு எடுத்த படம் எல்லாம் பல வீடுகளில் தொலைந்துவிட்டன. ஆக, ஆளின் நினைவுதான் ஆவணம். அதை எப்படிப் பதிவது என்பதுதான் கேள்வி. ஒரு சனசமூக நிலையமோ, மாதர் சங்கமோ, ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர் சிலரோ சேர்ந்து எட்டுப் பத்துப் பேரைப் பதிய முடிவெடுத்தால் கையில் உள்ள வழிகள் இவை: கலியாண வீடியோக்காரரைப் பிடிப்பது, சொந்தக் கைபேசியில் எடுப்பது, படமின்றிக் குரலை மட்டும் பதிவது, வெளிநாட்டில் உள்ளவர்களை இணையத்தில் பதிவது. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஸ்ரூடியோவுக்கு அழைத்துப் போவது என்று ஐந்தாவது ஒன்றையும் சிலர் சொல்வார்கள். எண்பது வயதுக்காரரை முல்லைத்தீவிலிருந்து வான் வண்டியில் ஏற்றி இறக்கி, குளிரூட்டிய அறையில் வெளிச்சத்துக்கு நடுவே உட்கார்த்தினால் களைப்புத்தான் பதிவாகும். அதை இத்தோடு விடுவோம்.

எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே வீட்டுக்கு மூன்று முறை போகக்கூடிய வழி எதுவோ அதைத் தெரிவுசெய்யுங்கள். படத்தின் தரம் அதற்குப் பிறகுதான்.

ஏன் மூன்று முறை?

முதல் நாள் வருவது கந்தோர்த் தமிழ். "தாயின் நலன் கருதி இரண்டு பிள்ளைகளுக்கிடையில் போதிய இடைவெளி பேணுமாறு அறிவுறுத்தினோம்" என்பார்கள். அதில் பொய் எதுவும் கிடையாது. முப்பது வருடம் மாதாந்தக் கூட்டத்தில் சொல்லிப் பழகிய வாய் அது. கமராவைக் கண்டதும் கழற்றி வைத்த சீருடை திரும்ப ஏறிக்கொள்கிறது. குளிசைப் பெட்டியை மாமிக்குத் தெரியாமல் எங்கே ஒளித்தார்கள், வளையம் போட்டபின் வயிறு நொந்தபோது யார் வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தது என்பதெல்லாம் கேள்வி கேட்பவர் இரண்டாந்தரம் அதே கதிரையில் வந்து உட்கார்ந்தால்தான் வெளியே வரும்.

ஆகையால் முதல் வருகையில் எந்த இயந்திரமும் வேண்டாம். தேத்தண்ணி குடித்து, ஒரு தாளில் காலக்கோடு போடுங்கள்: பிறந்த ஊர், பயிற்சி எடுத்த இடம், வேலை செய்த ஒவ்வொரு பிரிவு, இடம்பெயர்ந்த ஆண்டுகள், ஓய்வு. பலருக்கு ஆண்டு நினைவிருக்காது. "1978 சூறாவளிக்கு முன்னமோ பின்னமோ?", "ஆமி வந்ததுக்குப் பிறகோ?", "மூத்தவன் பிறந்திட்டானோ?" என்று நிகழ்வோடு கட்டிக் கேட்டால் சரியான ஆண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். இரண்டாம் வருகையில் முதன்மைப் பதிவு. அறுபதிலிருந்து எழுபத்தைந்து நிமிடம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். மூன்றாவது, ஒன்றிரண்டு கிழமை கழித்து: விட்ட இடங்களை நிரப்புவது, படங்களையும் தாள்களையும் பதிவது, எதை வெளியிடலாம் என்று கேட்டு எழுதுவது.

கலியாணக் கமரா

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கலியாணமும் சாமத்தியவீடும் எடுக்கும் இளைஞர்களிடம் நல்ல மிரர்லெஸ் கமராக்கள் இருக்கின்றன. முகத்தின் சுருக்கம் வரை தெளிவாக விழும், பின்புலம் அழகாக மங்கும். படம் என்று மட்டும் பார்த்தால் மற்ற எந்த வழியும் இதற்குக் கிட்ட வராது.

சிக்கல் வேறு இடத்தில். முதலாவது, கமராவுக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை. அவன் முன்னால் எந்த மருத்துவிச்சி அம்மாவும் கருப்பை வாய், மாதவிலக்கு, புருஷன் சம்மதம் என்று வாய் திறக்க மாட்டார். திறந்தாலும் சுற்றிவளைத்துச் சொல்லி முடித்துவிடுவார். பெண் ஒளிப்பதிவாளர் கிடைத்தால் முதலில் அவரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சட்டகத்தைப் பூட்டி, பதிவை ஓடவிட்டு, பையன் விறாந்தைக்குப் போய்விட வேண்டும் என்பதை முற்கூட்டியே பேசுங்கள். அப்போது இன்னொன்று இடிக்கும்: சில பழைய மிரர்லெஸ் கமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாக நின்றுவிடும். வெளியே இருப்பவருக்கு அது தெரியாது. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், கமரா தூங்கிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க நிறுத்தி மீண்டும் தொடங்குவதே வழி.

இரண்டாவது, தொழில் பழக்கம். கலியாணத்தில் துண்டு துண்டாக எடுப்பார்கள். கிட்டப் போவார்கள், தூர வருவார்கள், பாட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். சாட்சியத்துக்கு இது மூன்றுமே விஷம். தொகுத்து முடிந்ததும் அட்டையை அழித்து அடுத்த கலியாணத்துக்குக் கொண்டுபோவதும் வழக்கம். எனவே கூலி பேசும்போதே நான்கு விடயம் எழுத்தில் இருக்கட்டும்: வெட்டாத மூலக் கோப்புகள் அன்றே, அந்த வீட்டை விட்டு வெளிக்கிட முன்னமே உங்கள் வட்டில் ஏற வேண்டும். இசை கூடாது. நிறுவன இலச்சினை கூடாது. முகநூலில் ஒரு துண்டும் போடக்கூடாது. 32 கி.பை. வரையான அட்டைகளில் ஒரு நீண்ட பதிவு 4 கி.பை.க்கு ஒருமுறை தனிக்கோப்பாக உடையும். கடைசித் துண்டு வரை எண்ணிப் பார்த்து எடுங்கள்.

ஒரு நாள் கூலியைக் கொடுக்க ஆள் கிடைக்கும். மூன்று நாளுக்கு யாரும் கொடுப்பதில்லை. கலியாணக் கமரா பெரும்பாலும் ஒரே நாளோடு முடிந்துவிடுவதற்குக் காரணம் அதுதான். தவிர்க்க முடியாத இடமும் உண்டு. மிக மூத்தவர், உடல்நிலை தளர்ந்தவர், இன்னொரு முறை போக வாய்க்குமோ என்று ஐயம் உள்ளவர் என்றால் காசைப் பாராமல் கூப்பிடுங்கள்.

கைபேசி

பெரும்பாலான குழுக்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கமராக்காரரின் ஒரு நாள் கூலிக்குள் ஒரு முக்காலியும் இரண்டு கம்பி மைக்கும் வாங்கிவிடலாம், பிறகு எத்தனை முறை போனாலும் எரிபொருள் செலவுதான். வீட்டில் எல்லோரும் தினமும் பார்க்கும் பொருள் என்பதால் மிரட்சியும் குறைவு. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே நீட்டினால் கெட்டுப்போகும். கெடும் இடங்கள் நமக்குத் தெரிந்தவையே.

முதலில் ஒலி. மங்கலான படத்தைப் பார்க்கலாம், கேட்காத பேச்சை ஒன்றும் செய்ய முடியாது. கைபேசியின் சொந்த மைக் ஒன்றரை மீற்றர் தூரத்தில் அம்மாவின் குரலையும் அயல்வீட்டுச் சேவலையும் ஒரே அளவில் கேட்கும். சட்டையில் குத்தும் கம்பி மைக் வேண்டும். போயா பி.வை. எம்1 இங்கே பரவலாகக் கிடைக்கிறது. 6 மீற்றர் கம்பி, எல்.ஆர். 44 பொத்தான் மின்கலம். அதில் ஒரு பொறி இருக்கிறது. கைபேசியில் குத்தும்போது அதன் ஆளி 'ஓஃப்' என்று எழுதிய பக்கத்தில்தான் இருக்க வேண்டும், மறுபக்கம் கமராவுக்கு உரியது. 'ஓஃப்' என்றால் வேலை செய்யாது என்று நினைத்து மாற்றிவிடுபவர்கள் அநேகர். ஹெட்போன் துளை இல்லாத கைபேசிக்கு யூ.எஸ்.பி. சி மாற்றி தேவை. எண்ணிம மாற்றிச் சில்லு உள்ளே இல்லாத மலிவு மாற்றியைக் குத்தினால் கைபேசி ஒன்றும் சொல்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். பத்து விநாடி பதிந்து, குத்திய மைக்கை நகத்தால் சுரண்டி, திரும்பக் கேளுங்கள். சுரண்டல் பலமாகக் கேட்டால் சரி.

மைக்கை நாடியிலிருந்து ஒரு சாண் கீழே, சேலையின் தோள் மடிப்பில் குத்துங்கள். தாலிக்கொடிக்கும் சங்கிலிக்கும் விலத்தி. முந்தானை உரசும் சத்தம் பிறகு எந்த மென்பொருளாலும் போகாது. கம்பியை ஒரு சிறு வளையமாக்கி உள்ளே ஒட்டிவிட்டால் இழுபடாது. கண்ணாடிக் காப்பு அணிந்திருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் கழற்றச் சொல்லலாம். கழற்ற விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், மடியில் ஒரு துவாயை வைத்துக் கையை அதன்மேல் வைக்கச் செய்தாலே பாதிச் சத்தம் குறையும். கம்பியில்லாத மலிவு மைக் வாங்கினால் அதன் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். வயோதிபர் குரல் வசனக் கடைசியில் தேய்ந்து போகும். அந்தக் கடைசிச் சொல்லை இரைச்சல் என்று நினைத்து அது விழுங்கிவிடும்.

இனி வீடு. தகரக் கூரை வீட்டில் காலை வெயில் ஏற ஏறத் தகடு விரிந்து 'டிக் டிக்' என்று வெடிக்கும். மாரியில் ஒரு தூறல் போதும், பேச்சு முழுக்க மூழ்கிவிடும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், நிறுத்தினால் ஒன்பதரை மணிக்குப் பிறகு இருக்க முடியாது. எனவே காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். பாண் ஓட்டோவின் பாட்டு, பள்ளிக்கூட வான், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், வேலிக்கப்பால் அகவும் மயில், எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. முதல் வருகையிலேயே குறித்துக்கொள்ளலாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் ஒலிபெருக்கியோடு போட்டி போடாதீர்கள். காலபோக அறுவடை நாட்களும் அப்படியே. இயந்திரச் சத்தம் ஒருபுறம், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது மறுபுறம்.

படத்துக்கு விநாடிக்கு 25 சட்டகம், மூடி வேகம் (ஷட்டர்) விநாடியில் 50 இல் ஒரு பங்கு. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கைபேசி வழக்கமாக எடுக்கும் 30 சட்டகத்தில் குழல்விளக்கும் எல்.ஈ.டி. விளக்கும் படத்தில் அலை அலையாக மினுங்கும். கைபேசியின் சொந்தச் செயலியில் இதை மாற்ற முடியாவிட்டால் பிளக்மாஜிக் கமரா என்ற இலவசச் செயலி பல கைபேசிகளில் ஓடும். குவியம், வெளிச்சம், வெண்சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் அம்மா கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் படம் குவியம் தேடி அலையும். எச்.டி.ஆர். வேண்டாம். 1080பி தாராளமாகப் போதும்: எச்.264 என்ற வீடியோ வடிவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 மெ.பை., மணித்தியாலத்துக்கு 8 கி.பை. 4கே எடுத்தால் இருபதைத் தாண்டும், கைபேசியும் சூடேறித் தானாக நிற்கும். வன்னி வெயிலில் அது பயமுறுத்தல் அல்ல. உறையைக் கழற்றுங்கள், பறக்கும் நிலையில் போடுங்கள், மின்னேற்றிக்கொண்டே பதியாதீர்கள். மின்னேற்றியிலிருந்து சூடு மட்டுமின்றி, புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் மைக்குக்குள் இறங்கும்.

யன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்திலிருந்து விழட்டும். விறாந்தையில் முற்றத்துக்கு முதுகு காட்டி இருத்தினால் முகம் கறுத்துப்போகும். நீலத் தறப்பாள் மறைப்பு இருந்தால் முகமும் நீலமாகும், கதிரையைத் திருப்புங்கள். கைபேசி அவர் கண் உயரத்தில், நெஞ்சுக்கு மேலான சட்டகம், கைகள் உள்ளே வரும்படி. கேட்பவர் கைபேசிக்கு ஒட்டினாற்போல் அமர்ந்தால் பார்வை இயல்பாக இருக்கும். பிளாஸ்ரிக் கதிரை அசைந்தால் கிறீச்சிடும், மரக்கதிரை நல்லது.

இரண்டாவது கைபேசி ஒன்றில் குரலை மட்டும் தனியே பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் பிறகு இரண்டையும் பொருத்துவது சுலபம். முதற்கைபேசிக்கு அழைப்பு வந்து பதிவு அறுந்த நாளில் இது காப்பாற்றும்.

வெறும் குரல்

படமின்றிக் குரல் மட்டும் என்பதைக் குறைந்த வழியாக நினைக்க வேண்டாம். சூம் எச்1என் போன்ற சிறு பதிவுக் கருவியை மேசையில் துவாய்மேல் வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் வேவ் கோப்பு மணித்தியாலத்துக்கு ஒரு கி.பை. தான், சேமிப்பது லேசு. முகம் காட்ட விரும்பாதவர்கள், அண்மையில் துணையை இழந்தவர்கள், நோயில் மெலிந்து "இந்தக் கோலத்தில எடுக்காதேங்கோ பிள்ளை" என்பவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்.

போவது என்ன? கை. வளையத்தை எந்தக் கோணத்தில் செருகுகுழலுக்குள் இழுத்தார் டொக்டர், தகட்டில் இருந்து குளிசையை எந்த வரிசையில் எடுக்கச் சொல்லிக் காட்டினீர்கள் என்பதற்குப் பதில் விரலில் இருக்கிறது, நாக்கில் இல்லை. நாங்கள் நடுவழி ஒன்றைச் சொல்வோம்: முகத்தை விட்டு, மடியையும் கைகளையும் மட்டும் சட்டகத்துக்குள் வைத்து எடுப்பது. படமும் தாளும் காட்டும்போதும் அதுவே உதவும். ஆனால் குரலும் அடையாளம்தான். சுருதியை மாற்றி ஆளை மறைத்துவிட்டோம் என்று நம்பாதீர்கள். அதைத் திருப்பி மாற்றலாம், அதோடு ஊர்ச்சனம் "என்ன மோனை" என்று அவர் இழுக்கும் விதத்திலேயே பிடித்துவிடும். உண்மையில் மறைக்க வேண்டியிருந்தால் எழுத்து வடிவத்தை இன்னொருவர் வாசித்துப் பதிவதே பாதுகாப்பு.

ரொறன்ரோவில் இருப்பவரை

வன்னியில் வேலை செய்து பின்னர் புலம்பெயர்ந்த டொக்டர்மாரும் தாதிமாரும் பலர். வாட்ஸ்அப் அழைப்பைப் பதிந்தால் நசுங்கிய ஒலிதான் கிடைக்கும், கோடு அறும் இடத்தில் பேச்சும் அறும். அழைப்பைக் கதைக்க மட்டும் வையுங்கள். பதிவு அங்கே, பேரப்பிள்ளையின் இன்னொரு கைபேசியில், மேலே சொன்ன அதே ஒழுங்கோடு நடக்கட்டும். கோப்பைப் பிறகு அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்தோ முகில் சேமிப்பில் ஏற்றியோ அனுப்பச் சொல்லுங்கள். ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரையும் பிந்தியது. அங்கே காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை. மின்தடை நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் ஒருவரைப் பதிய இந்த வழியைத் தேர்வது சோம்பல்.

கேள்வியும் அனுமதியும்

எந்தக் கருவியானாலும் கேள்வி மொண்ணையாக இருந்தால் பதில் கந்தோர்த் தமிழாகத்தான் வரும். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். லிப்பஸ் லூப் பொலித்தீனால் ஆனது, கொதிக்கவைத்தால் வடிவம் குலைந்துவிடும். "அப்ப எதில ஊறப்போட்டு வைச்சனீங்கள் அன்ரி?" என்று கேட்டால் கிளினிக் மேசை முழுவதும் கண்முன் வரும். 'பிரீதி' ஆணுறை 1973 இல் கடைகளுக்கு வந்தது. உங்கள் ஊர்க் கடையில் யார் வாங்கினார்கள், எப்படிக் கேட்டு வாங்கினார்கள்? கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு 1980 இல் பணம் கொடுக்கத் தொடங்கியபோது வந்தவர்கள் யார், பணம் இல்லாவிட்டால் வந்திருப்பார்களா? மலையகத்திலிருந்து 1977 க்கும் 1983 க்கும் பின் வந்து குடியேறிய குடும்பங்களிடம் என்ன மொழியில் கதைத்தீர்கள்? பெண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சையை எல்.ஆர்.ரி. என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை ஊரில் என்னவென்று சொன்னார்கள்?

கசப்பான பக்கத்தையும் விடக்கூடாது. 2013 இல் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஊர்ப் பெண்களுக்கு உரிய விளக்கமும் சம்மதமும் இன்றிக் கருத்தடை உள்வைப்புப் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பிறகு வன்னியில் குடும்பத் திட்டமிடல் என்ற சொல்லே வேறு பொருள் பெற்றுவிட்டது. முன்னோடிகளைப் புகழ்ந்து ஒரு மாலை போட்டு முடிக்கும் படம் இங்கே எடுபடாது. "வேண்டாமெண்டு சொன்ன ஆளை என்ன செய்தனீங்கள்?" என்ற கேள்வியை மரியாதையோடு, இரண்டாம் வருகையின் கடைசியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அந்த மௌனமும் பதிவில் இருக்கட்டும்.

பெரிய ஆபத்து மற்றவர்களின் பெயர். "இன்னாருடைய தமக்கைக்கு நான்தான் வளையம் போடக் கூட்டிக்கொண்டு போனனான்" என்று ஒரு வசனம் தானாக வந்துவிடும். அந்தத் தமக்கை அதே ஊரில் உயிரோடு இருப்பார், மருமகனும் இருப்பார். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக்கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மானம் இருக்கிறது. தொடங்குமுன் "ஆக்களின்ர பேர் சொல்லாமல், ஊரை மட்டும் சொல்லுங்கோ" என்று சொல்லி வையுங்கள். தவறி வந்தால் நிறுத்த வேண்டாம், பேச்சு அறுந்துவிடும். நிமிட விநாடியைக் குறித்து, வெளியிடும் பிரதியில் மட்டும் ஒலியை அணையுங்கள். கருக்கலைப்புப் பேச்சு வந்தால் மட்டும் வேறு விதி. தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பதற்கல்லாத கருக்கலைப்பு இன்றும் குற்றம். தானோ பிறரோ உதவியதாகச் சொல்லப் போகிறார் என்று தெரிந்தால் பதிவை நிறுத்தி, விளைவைச் சொல்லி, அவர் முடிவைக் கேளுங்கள்.

அனுமதித் தாளை முதல் நாளே விளங்கப்படுத்தி, மூன்றாம் நாள் கையெழுத்து வாங்குங்கள். சொல்லப்போவது என்னவென்று தெரியாமல் முதல் நாளில் வாங்கும் கையெழுத்துக்குப் பொருளில்லை. எல்லோரும் பார்க்கலாம், ஆய்வாளர் மட்டும் வந்து பார்க்கலாம், என் காலத்துக்குப் பிறகுதான் என்று மூன்று தெரிவு இருந்தால் போதும். ஒரே நேர்காணலில் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு தெரிவும் கொடுக்கலாம்.

பதிந்த பிறகு

ஒரு மணித்தியாலப் பேச்சைக் கையால் எழுத்தாக்கப் பழகியவருக்கே ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் பிடிக்கும். தானியங்கி எழுத்துப்பெயர்ப்பு வன்னிப் பேச்சில் தடுமாறும். "போட்டனான்" என்பதைப் "போட்டேன்" என்று திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.

கோப்புகள் மூன்று பிரதி: இரண்டு வெளி வன்வட்டுகள், ஒன்று வேறு ஊரில் இருக்கும் நிறுவனத்தில். இரண்டும் ஒரே வீட்டு அலுமாரியில் இருந்தால் அது ஒரு பிரதிக்குச் சமம். பென்டிரைவும் டிவிடியும் கொடுக்கத்தான் நல்லவை, வைத்துப் பாதுகாக்க அல்ல. யூடியூப் சேமிப்பிடமே அல்ல. அங்கே இருப்பது நசுக்கிய பிரதி, கணக்குப் பூட்டப்பட்டால் அதுவும் போச்சு. ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண் (checksum) எடுத்து ஒரு தாளில் வைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டில் வட்டை மாற்றுங்கள். வெளியிடச் சம்மதித்த பகுதிகளுக்கு இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணும் நூலக நிறுவனத்தின் பல்லூடக ஆவணகம் பொருத்தமான இடம், தமிழிலேயே விபரம் தேடக் கிடைக்கும். பூட்டி வைக்க வேண்டியவற்றை எங்கும் ஏற்றாதீர்கள். கோப்புப் பெயரில் ஆளின் பெயரும் வேண்டாம். ஆண்டு, மாதம், நாள், பிரிவு, ஒரு எண் போதும். எண்ணுக்குரிய பெயர் தனிக் கொப்பியில் இருக்கட்டும்.

வீட்டுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். பென்டிரைவோடு, எழுத்து வடிவத்தைக் கண்ணுக்குத் தெரியும் பருமனில் அச்சடித்துக் கட்டிக் கொடுங்கள். கொடுக்கும்போதே, அம்மாவின் காலத்துக்குப் பிறகு பூட்டிய பகுதியைத் திறப்பதா இல்லையா என்று யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு அனுமதித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது மூத்த மகனாகத்தான் இருக்கும் என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். பலர் மகளைச் சொல்வார்கள், சிலர் தன்னோடு வேலை செய்த இன்னொரு மிட்வைப்பைச் சொல்வார்கள்.